ஒல்லி சர்வருக்குள் ஒரு கூடுதல் கார்டு: வாங்கும் முன் எதையெல்லாம் அளக்க வேண்டும்?

நான்கு வருடம் முன்பு வாங்கிய சர்வர். இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. நெட்வொர்க் வேகம் மட்டும் பத்தவில்லை. 'ஒரு 25 கிகாபிட் கார்டு வாங்கிப் போட்டுடலாம்' என்று அலுவலகத்தில் முடிவாகிறது. சர்வரின் விவரக் குறிப்பை எடுத்துப் பார்த்தால், 'மூன்று பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்' என்று தெளிவாகவே போட்டிருக்கிறது. கார்டு வந்து சேர்கிறது. சனிக்கிழமை ராத்திரி, வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டு, சர்வரை நிறுத்தி மூடியைக் கழற்றினால், உள்ளே கார்டு சொருக ஒரு ஸ்லாட்கூட இல்லை!

டேட்டா சென்டர் வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கு இது பழகிய காட்சிதான். விவரக் குறிப்பில் இருப்பது பொய்யும் இல்லை. அந்த மூன்று ஸ்லாட்டும் 'ரைசர்' என்ற தனி உதிரிப் பலகையில் இருக்கும். சர்வர் வாங்கும்போது அந்த ரைசரைச் சேர்த்து வாங்கியிருந்தால்தான் ஸ்லாட். இல்லையென்றால் அந்த இடத்தில் வெறும் தகரத் தடுப்புதான்.

சரி, ரைசர் வாங்கிவிடலாம் என்றால், அங்கிருந்துதான் உண்மையான சிக்கலே ஆரம்பிக்கிறது. கார்டின் உயரம், நீளம், பிராக்கெட், மின்சாரம், காற்று, சிக்னல் என்று ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று முட்டும். இதில் எது தவறினாலும் நஷ்டம் கார்டு விலையோடு நிற்காது. சர்வரை நிறுத்தக் கிடைத்த அந்த ஒரு ராத்திரியும் வீண்.

44.45 மில்லிமீட்டருக்குள் குடித்தனம்

சர்வர் பெட்டிகளின் உயரத்தை 'யு' என்ற அளவில் சொல்வார்கள். 1யு என்றால் 1.75 அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர். சர்வர்கள் அடுக்கப்படும் இரும்பு அலமாரிக்கு 'ராக்' என்று பெயர். அதன் அகலம் 19 அங்குலம். பரவலாகப் புழங்கும் ராக் ஒன்றின் உயரம் 42யு. சென்னையில் அம்பத்தூர், சிறுசேரி பக்கம் இருக்கும் டேட்டா சென்டர்களானாலும் சரி, உலகத்தில் வேறெங்கும் ஆனாலும் சரி, இடத்தை வாடகைக்கு எடுப்பவர்கள் யு கணக்கிலோ ராக் கணக்கிலோதான் பணம் கட்டுகிறார்கள். 1யு சர்வருக்கு மவுசு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கொஞ்ச இடம், அதனால் கொஞ்ச வாடகை.

இப்போது கார்டின் அளவைப் பாருங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் விதிப்படி, 'ஃபுல் ஹைட்' எனப்படும் முழு உயரக் கார்டு 111.15 மி.மீ. வரை இருக்கலாம். அதற்கு அடுத்த குட்டை ரகமான 'லோ புரொஃபைல்' 68.90 மி.மீ. வரை. பெட்டியின் வெளி உயரமே 44.45 மி.மீ.தான். அதிலும் மேல் தகடு, கீழ்த் தகடு, மதர்போர்டு, அதைத் தாங்கும் குமிழ்கள் எல்லாம் போக மிச்சம் இன்னும் குறைவு. ஆக, முழு உயரக் கார்டை விடுங்கள். குட்டைக் கார்டுகூட 1யு பெட்டிக்குள் நிமிர்ந்து நிற்காது. 'லோ புரொஃபைல் கார்டுதானே, 1யு சர்வருக்குன்னே வந்தது' என்று பலர் நினைப்பது தவறு. அது நிமிர்ந்து நிற்பது 2யு பெட்டியில். அதன் உயரம் 88.9 மி.மீ. என்பதால் தாங்கும்.

பரணில் ஏறியவர் நிமிர்ந்து நிற்க முடியாது, படுத்துக்கொள்ளலாம். 1யு சர்வரில் கார்டுக்கும் அதே கதிதான்.

ஏன் இப்படிப் பொருந்தாமல் போனது? இரண்டும் வெவ்வேறு வம்சம். 19 அங்குல ராக், தொலைபேசி நிலையக் கருவிகளை அடுக்கி வைத்த காலத்திலிருந்து வருகிறது. கார்டோ மேசைக் கணினியின் வாரிசு. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் ஐந்து ஸ்லாட்கள் இருந்தன. 1983இல் வந்த ஐபிஎம் எக்ஸ்டியில் எட்டு ஸ்லாட்கள். ஸ்லாட்டுக்கு ஸ்லாட் இடைவெளி 0.8 அங்குலம். அந்த 0.8 அங்குலம், அதாவது 20.32 மி.மீ., இன்றைய பிசிஐ எக்ஸ்பிரஸ் வரை அப்படியே தொடர்கிறது. மேசை மேல் வைக்கும் பெட்டிக்காக அன்று போட்ட கணக்கை இன்று ராக்கில் இருக்கும் ஒல்லிப் பெட்டி சுமக்கிறது.

ரைசர் என்ன செய்கிறது?

ரைசர் என்பது பார்க்க ரொம்பச் சாதாரணமான ஒரு பச்சைப் பலகை. அதன் கீழ் விளிம்பு மதர்போர்டு ஸ்லாட்டில் சொருகிக்கொள்ளும். பக்கவாட்டில் ஒரு ஸ்லாட் இருக்கும். கார்டு அந்தப் பக்கவாட்டு ஸ்லாட்டில் சொருகப்பட்டு, மதர்போர்டுக்கு மேலே, தரைக்கு இணையாகப் படுத்துக்கொள்ளும். 90 டிகிரி திருப்பம், அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் படுத்த கார்டு அகலத்தில் இடம் கேட்கும். சர்வரின் பின்பக்கச் சுவரில் பவர் சப்ளை இரண்டு, மதர்போர்டின் சொந்த போர்ட்டுகள் எல்லாம் போக மிஞ்சுவதுதான் கார்டுகளுக்கு. முழு உயரக் கார்டு ஒன்று படுத்தால் அதன் பிராக்கெட் மட்டும் சுமார் 12 செ.மீ. எடுத்துக்கொள்ளும், குட்டைக் கார்டின் பிராக்கெட் சுமார் 8 செ.மீ. இரண்டு முழு உயரக் கார்டு வைக்கும் அகலத்தில் மூன்று குட்டைக் கார்டு வைக்கலாம் என்பது இதிலிருந்தே தெரியும். அதனால்தான் ஒரே மாடல் சர்வருக்கு வெவ்வேறு ரைசர்கள் விற்கிறார்கள். விவரக் குறிப்பில் 'மூன்று ஸ்லாட்' என்று ஓரிடத்திலும், 'முழு உயரக் கார்டு வைக்கலாம்' என்று இன்னோரிடத்திலும் இருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை. ஒன்றை எடுத்தால் மற்றொன்றை விட வேண்டியிருக்கும்.

ரைசர் விஷயத்தில் இன்னொரு பொறி உண்டு. ரைசரின் எந்தப் பக்கத்தில் ஸ்லாட் இருக்கிறது என்பதைப் பொறுத்து, கார்டு இடது பக்கமாகப் படுக்கும் அல்லது வலது பக்கமாகப் படுக்கும். இடது மாறினால், கார்டின் சிப் இருக்கும் முகம் மேலே பார்ப்பதற்குப் பதில் கீழே பார்க்கும். ஹீட்சிங்க் கீழ்நோக்கித் தொங்கினால், அதற்கு நேர் கீழே மதர்போர்டில் என்ன இருக்கிறது என்பது முக்கியம். ஒரு உயரமான கெபாசிட்டரோ, சிறிய எஸ்எஸ்டியோ இருந்தால் முட்டும். அதேபோல் கார்டு நீளம். அரை நீளம் என்றால் விதிப்படி 167.65 மி.மீ. வரை, முழு நீளம் 312 மி.மீ. நீளக் கார்டு முன்பக்கமாக நீட்டிக்கொண்டு போய், ரேம் வரிசையிலோ சிபியு ஹீட்சிங்கிலோ இடிக்கும். பெரும்பாலான 1யு சர்வர்களில் அரை நீளத்துக்கு மேல் இடம் கிடையாது.

ஒரு நிறுவனத்தின் ரைசர் இன்னொரு நிறுவனத்தின் சர்வருக்குப் பொருந்தாது. அதே நிறுவனத்தின் அடுத்த தலைமுறைச் சர்வருக்கே பொருந்தாமல் போவதும் சகஜம். மதர்போர்டில் இருக்கும் ஸ்லாட் பார்க்க வழக்கமான பிசிஐ எக்ஸ்பிரஸ் போலவே இருந்தாலும், உள்ளே எந்தப் பின்னில் என்ன வருகிறது என்பது நிறுவனத்தின் சொந்த ஏற்பாடாக இருக்கலாம். 'சொருகுதே, அப்ப வேலை செய்யும்' என்ற கணக்கு இங்கே ஆபத்து. சர்வர் மாடலுக்கு உரிய பாக எண்ணைப் பார்த்து வாங்குவது ஒன்றுதான் வழி. கார்டைவிட ரைசர் கிடைப்பதுதான் கஷ்டம் என்ற நிலைமையும் பழைய சர்வர்களுக்கு வந்துவிடுகிறது.

பிராக்கெட் இல்லாத கார்டு

கார்டின் ஓரத்தில் இருக்கும் வளைந்த உலோகத் தகடுதான் பிராக்கெட். புதுக் கார்டு வாங்கினால் பெட்டிக்குள் இரண்டு பிராக்கெட் இருக்கும்: கார்டில் மாட்டியது ஒன்று, சின்னக் கவரில் தனியாக ஒன்று. நெட்டை, குட்டை இரண்டுக்கும். வேண்டியதை இரண்டு சின்ன ஸ்க்ரூ கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

பழைய கார்டு வாங்குகிறவர்களுக்குத்தான் பிரச்சினை. சென்னை ரிச்சி தெருவிலோ இணையச் சந்தையிலோ, டேட்டா சென்டர்களிலிருந்து கழிக்கப்பட்ட நெட்வொர்க் கார்டுகள் மலிவாகக் கிடைக்கும். அதில் ஒரு பிராக்கெட்தான் இருக்கும். அதுவும் பெரும்பாலும் நமக்கு வேண்டாததாக இருக்கும். கூடுதல் பிராக்கெட் எங்கோ ஒரு அலமாரியில் தொலைந்துபோயிருக்கும். 'பிராக்கெட்டைக் கழற்றிட்டு அப்படியே சொருகுங்க சார், ஓடும்' என்பார்கள். ஓடும்தான். ஆனால் செய்யாதீர்கள்.

நெட்வொர்க் கார்டின் பின்னால் கேபிள் தொங்குகிறது. செம்புக் கேபிளாக இருந்தால் நல்ல கனம். பிராக்கெட் இல்லாத கார்டில் அந்தக் கனம் முழுவதும் ஸ்லாட்டின் தங்க முலாம் பூசிய விளிம்பில் இறங்கும். யாராவது பக்கத்துச் சர்வரில் வேலை பார்க்கும்போது கேபிளை லேசாக இழுத்தால் போதும், படுத்திருக்கும் கார்டு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். நெட்வொர்க் விட்டு விட்டு வரும்; காரணத்தைத் தேடி மூன்று நாள் போகும். போதாக்குறைக்கு, பின்சுவரில் ஓர் ஓட்டை திறந்து கிடக்கும். கார்டின் மேல் போக வேண்டிய காற்று அது வழியாகத் தப்பிக்கும். மின்காந்த இரைச்சலைத் தடுக்கும் வேலையும் அந்தத் தகடுக்கு உண்டு. சில நூறு ரூபாய்த் தகட்டுக்காக இவ்வளவு ரிஸ்க் எடுப்பதில் அர்த்தம் இல்லை.

ஸ்லாட் 16, உள்ளே ஓடுவது 8

கார்டு உடல் அளவில் பொருந்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது, தரவு போகும் பாதைகள். பிசிஐ எக்ஸ்பிரஸில் இவற்றை 'லேன்' என்பார்கள். சாலையில் இருக்கும் லேன் மாதிரியேதான். எக்ஸ்4 என்றால் நான்கு லேன், எக்ஸ்8 என்றால் எட்டு, எக்ஸ்16 என்றால் பதினாறு.

ஸ்லாட்டின் நீளத்தைப் பார்த்து லேன் எண்ணிக்கையை முடிவு செய்யக் கூடாது. எக்ஸ்16 நீளத்துக்கு ஸ்லாட் இருக்கும். உள்ளே எட்டு லேனுக்குத்தான் இணைப்பு இருக்கும். ரைசரில் இது இன்னும் அதிகம். மதர்போர்டிலிருந்து வரும் பதினாறு லேனை ரைசர் இரண்டாகப் பிரித்து, இரண்டு ஸ்லாட்டுக்கு எட்டு எட்டாகக் கொடுக்கும். ஒரே ஸ்லாட் உள்ள ரைசர் போட்டால் பதினாறும் ஒரே கார்டுக்கு. 'நிறைய ஸ்லாட் உள்ள ரைசர்தான் நல்லது' என்று வாங்கினால் இங்கே அடி விழும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில் எட்டு லேன் சேர்ந்து, ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 63 கிகாபிட் கடத்தும். 25 கிகாபிட் போர்ட் இரண்டு உள்ள கார்டுக்கு மொத்தம் 50தான் தேவை; தாராளம். அதே ஸ்லாட்டில் 100 கிகாபிட் கார்டைப் போட்டால்? கார்டு வேலை செய்யும். விளக்கு எரியும். சுவிட்ச்சும் '100' என்றே காட்டும். ஆனால் 63ஐத் தாண்டி ஒருபோதும் போகாது. நான்காம் தலைமுறை என்றால் அதே எட்டு லேனில் இதைப்போல இரண்டு மடங்கு போகும். ஆனால் கார்டு, ரைசர், சிபியு மூன்றும் நான்காம் தலைமுறையாக இருந்தால்தான். ஒன்று பழசாக இருந்தாலும் எல்லோரும் அதன் வேகத்துக்கே இறங்கி வர வேண்டும்.

இரண்டு சிபியு வைக்கும் சர்வர்களில் இன்னொரு கூத்து. இன்றைய சர்வர்களில் லேன்கள் சிபியுவிலிருந்தே நேரடியாக வருகின்றன. இரண்டாவது ரைசரின் லேன்கள் இரண்டாவது சிபியுவோடு இணைக்கப்பட்டிருக்கும். செலவை மிச்சம் பிடிக்க ஒரே சிபியுவோடு வாங்கிய சர்வரில், இரண்டாவது ரைசர் வெறும் அலங்காரம். கார்டைப் போட்டால் சர்வருக்கு அது இருப்பதே தெரியாது. கார்டு கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

நான்கு எம்.2 எஸ்எஸ்டிகளை ஒரே கார்டில் தாங்கி நிற்கும் பலகைகள் இப்போது பிரபலம். அவற்றில் பல, பதினாறு லேனை நான்கு நான்காகப் பிரித்துக் கொடுக்கும்படி சர்வரிடம் எதிர்பார்க்கும். பயாஸ் அமைப்பில் அந்த வசதி இருக்க வேண்டும். அதை நாம் இயக்கியும் வைக்க வேண்டும். இல்லையென்றால் நான்கு எஸ்எஸ்டி போட்டும் ஒன்றுதான் கண்ணில் படும்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்குச் சூடான காற்று

1யு சர்வரில் கார்டு பொருத்துவதில் மிகக் கடினமான பகுதி வெப்பம்தான். ஸ்க்ரூ முடுக்குவது பத்து நிமிட வேலை. வெப்பம் ஆறு மாதம் கழித்து, சித்திரை வெயிலில் ஏசி திணறும் நாளில் கணக்குத் தீர்க்கும்.

சர்வரில் காற்று முன்னிருந்து பின்னால் போகிறது. முதலில் டிஸ்க்குகள், பிறகு ஃபேன் வரிசை, பிறகு ரேமும் சிபியுவும், கடைசியில்தான் பின்பக்கம் படுத்திருக்கும் கார்டுகள். சிபியு கக்கிய சூட்டோடு வரும் காற்றுதான் கார்டுக்குக் கிடைக்கிறது. அறைக்குள் 24 டிகிரி இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. கார்டின் போர்ட்டில் செருகும் ஆப்டிகல் மாட்யூல்களில் சாதாரண ரகத்துக்கு உச்சவரம்பு 70 டிகிரி. பின்சுவர் ஓரத்தில், வெந்நீர் ஆவி போல் வரும் காற்றில், அந்த வரம்பை நெருங்குவது பெரிய விஷயமே இல்லை.

அதோடு ஃபேனின் அளவு. 1யு பெட்டிக்குள் நுழைவது 40 மி.மீ. விட்டமுள்ள குட்டி ஃபேன்கள். 80 மி.மீ. ஃபேனோடு ஒப்பிட்டால் பரப்பு நான்கில் ஒரு பங்கு. அதை ஈடுகட்ட வெறிபிடித்த மாதிரி சுற்ற வேண்டும். நிமிடத்துக்கு 20,000 சுற்றைத் தாண்டும் ஃபேன்களும் உண்டு. 1யு சர்வர் பக்கத்தில் நின்று பேச முடியாததற்கு இதுதான் காரணம். ஃபேன் வேகம் கூடினால் மின்செலவு அதே விகிதத்தில் கூடாது, அதன் கன மடங்கில் கூடும். வேகம் 25 சதவீதம் கூடினால் ஃபேன் தின்னும் மின்சாரம் ஏறக்குறைய இரட்டிப்பு. இரண்டு மடங்கு வேகம் என்றால் எட்டு மடங்கு மின்சாரம்.

சர்வர் நிறுவனத்தின் அங்கீகாரப் பட்டியலில் இல்லாத கார்டைப் போடும்போது இது நேரடியாகத் தெரியும். கார்டு எவ்வளவு சூடாக இருக்கிறது என்று சர்வரால் படிக்க முடியவில்லை. 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஃபேன் வேகத்தை ஏற்றிவிடுகிறது. சில சர்வர்களில் இதை அமைப்பில் போய் மாற்றலாம். சத்தம் தாங்காமல் மாற்றிவிட்டு, பிறகு கார்டு வெந்துபோவதும் நடக்கும். அதனால் மாற்றும் முன், கார்டு தயாரிப்பாளர் எவ்வளவு காற்றோட்டம் கேட்கிறார் என்று பார்த்துவிட வேண்டும்.

மேசைக் கணினிக்கான கார்டில் சொந்தமாக ஃபேன் இருக்குமே, அதைப் போட்டால்? 1யு பெட்டியில் அது கிட்டத்தட்ட பயனற்றது. கார்டின் ஃபேன் மூடியைப் பார்த்தபடி, அல்லது மதர்போர்டைப் பார்த்தபடி, சில மில்லிமீட்டர் இடைவெளியில் மாட்டிக்கொள்ளும். மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு விடச் சொன்ன மாதிரி. சர்வர் ரகக் கார்டுகளில் ஃபேனே இருக்காது. நெடுக்கக் கோடு கோடாக ஓடும் உலோக ஹீட்சிங்க் மட்டும் இருக்கும். பெட்டியின் ஃபேன்தான் அதன் ஊடே காற்றைத் தள்ள வேண்டும். இந்த ரகக் கார்டை மேசைக் கணினியில் போட்டால் நேர் எதிர் கதை: காற்றே வராமல் சில நிமிடங்களில் கொதிக்கும்.

ஏஐ வேலைகளுக்காக ஜிபியு போட விரும்புபவர்களுக்கு இது முதல் வடிகட்டி. என்விடியாவின் டி4 கார்டு 2018இல் வந்தது. 70 வாட், குட்டை உயரம், ஒற்றை ஸ்லாட் தடிமன், தனி பவர் கேபிள் தேவையில்லை. 2023இல் வந்த எல்4 கார்டும் 72 வாட்தான், அதே உடல்வாகுதான். ஸ்லாட் வழியாகக் கொடுக்கக்கூடிய மின்சாரத்துக்கு உச்சவரம்பு 75 வாட். அதற்குள் நின்றதால்தான் இந்த இரண்டும் ஒல்லி சர்வர்காரர்களுக்குச் செல்லப் பிள்ளைகள் ஆயின. 300 வாட் கார்டு என்றால் தனி கேபிள் வேண்டும், இரண்டு ஸ்லாட் தடிமன் வேண்டும், அதற்கேற்ற காற்று வேண்டும். அதை 1யுவில் வைப்பதற்கென்றே வடிவமைத்த சர்வர்கள் இருக்கின்றன. ஆனால் சாதாரண 1யு சர்வரை அப்படி மாற்ற முடியாது.

உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் காற்றுத் தடுப்பு, காலி இடத்தை மூடும் டம்மித் தகடுகள் ஆகியவற்றை 'இது எதுக்கு, இடத்தை அடைக்குது' என்று கழற்றி எறிபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிளாஸ்டிக்தான் காற்றுக்கு வாய்க்கால். வரப்பை வெட்டிவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது.

நீளம் கூடினால் சிக்னல் தேயும்

ரைசர் வெறும் திருப்பம்தான் என்று மேலே சொன்னது, பழைய வேகங்களுக்குச் சரி. லேன் ஒன்றின் வேகம் முதல் தலைமுறையில் நொடிக்கு 250 கோடி பரிமாற்றம். மூன்றாம் தலைமுறையில் 800 கோடி, நான்காவதில் 1,600 கோடி, ஐந்தாவதில் 3,200 கோடி. இந்த வேகத்தில் செம்புத் தடத்தின் ஒவ்வொரு அங்குலமும், ஒவ்வொரு இணைப்பியும் சிக்னலைத் தின்னும். சிபியுவிலிருந்து கார்டு வரை போகும் வழியில் இவ்வளவுதான் இழக்கலாம் என்று விதியே இருக்கிறது. நான்காம் தலைமுறைக்கு 28 டெசிபல், ஐந்தாம் தலைமுறைக்கு 36 டெசிபல். 36 டெசிபல் என்றால், புறப்பட்ட திறனில் ஏறக்குறைய நாலாயிரத்தில் ஒரு பங்குதான் மறுமுனைக்கு வந்து சேர்கிறது. அந்த முனகலைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் சிப்புகளைச் செய்திருப்பதே ஆச்சரியம்தான்.

ரைசர் இந்த வழியில் ஓர் இணைப்பியையும் சில அங்குலத் தடத்தையும் கூட்டுகிறது. மூன்றாம் தலைமுறையில் மன்னிக்கப்பட்ட மட்டமான ரைசர், நான்காவதில் காலை வாரும். சர்வர் நின்றுபோகாது. பிழை வரும், திருத்திக்கொள்ளும்; மறுபடி வரும், மறுபடி திருத்திக்கொள்ளும். அல்லது இணைப்பு சத்தமில்லாமல் கீழ்த் தலைமுறை வேகத்துக்கு இறங்கிவிடும். பயாஸில் போய் ஸ்லாட்டை மூன்றாம் தலைமுறைக்கு நிறுத்தி வைப்பது அவசரத்துக்குக் கைகொடுக்கும் வழி. புதிய சர்வர்களில் சிக்னலை நடுவழியில் வாங்கிச் சுத்தப்படுத்தி மறுபடி அனுப்பும் 'ரீடைமர்' சிப்புகளை வைக்கிறார்கள். பலகைக்குப் பதில் நல்ல தரமான கேபிளிலேயே லேன்களைக் கொண்டுபோவதும் பரவலாகிவருகிறது. செம்புப் பலகையைவிட அந்தக் கேபிளில் இழப்பு குறைவு.

மூடியே திறக்காமல் மாற்றலாம்

நெட்வொர்க் கார்டுகளுக்கு மட்டும் இந்தத் தலைவலி பெரும்பாலும் தீர்ந்துவருகிறது. 2011இல் ஃபேஸ்புக் முன்னின்று தொடங்கிய ஓபன் கம்ப்யூட் புராஜெக்ட் என்ற கூட்டமைப்பு, சர்வருக்கென்றே ஒரு நெட்வொர்க் கார்டு வடிவத்தை வகுத்தது. 'ஓசிபி என்ஐசி 3.0' என்று அதற்குப் பெயர். சிறிய ரகம் 76 மி.மீ. அகலம், 115 மி.மீ. நீளம். ரைசர் கிடையாது, மதர்போர்டின் தளத்திலேயே படுக்கைவசமாக நுழையும். சர்வரின் பின்னால் கையால் திருகும் ஸ்க்ரூவைக் கழற்றி, கார்டை இழுத்து, புதியதைத் தள்ளிவிடலாம். ராக்கிலிருந்து சர்வரை வெளியே இழுக்கவோ, மூடியைத் திறக்கவோ வேண்டாம். வெவ்வேறு நிறுவனங்களின் சர்வர்களில் இந்த இடம் இப்போது இருக்கிறது. புதிதாக 1யு வாங்குகிறவர்கள் நெட்வொர்க்கை இங்கே வைத்துவிட்டால், ரைசர் ஸ்லாட் ஜிபியுவுக்கோ வேறெதற்கோ மிஞ்சும்.

பழைய சர்வரில் ஓசிபி இடம் இல்லை, ஏற்ற ரைசரும் கிடைக்கவில்லை, கார்டும் பெரிசு என்றால் 1யுவோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. 2யு சர்வருக்கு மாறினால் கூடுதல் வாடகை வரும் என்பது உண்மை. ஆனால் பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றும், மின்சாரம் கொஞ்சம் மிஞ்சும், குட்டைக் கார்டுகள் நிமிர்ந்தே நிற்கும். இரண்டுக்கு மேல் கார்டு வேண்டும் என்று தெரிந்தால் ஆரம்பத்திலேயே 2யு வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

அந்த ராத்திரி வேலை

எல்லாம் அளந்து பார்த்தாயிற்று, சரியான ரைசரும் கையில் இருக்கிறது என்றால், பொருத்துவது எளிது. சர்வரை நிறுத்தினால் மட்டும் போதாது. இரண்டு பவர் கேபிளையும் உருவ வேண்டும். நிறுத்திய சர்வரிலும் காத்திருப்பு மின்சாரம் ஸ்லாட் வரை வந்துகொண்டிருக்கும். கையில் நிலைமின் பட்டை கட்டிக்கொள்வது நல்லது. குளிர்ந்த, வறண்ட சர்வர் அறையில் உடம்பில் மின்னேற்றம் சேர்வது அதிகம்.

ரைசர் பெரும்பாலும் ஓர் இரும்புக் கூண்டோடு சேர்ந்தே இருக்கும். கார்டை நேராக உள்ளேயே சொருக முயல வேண்டாம். கூண்டை இரண்டு கையாலும் நேர் மேலாகத் தூக்கி வெளியே எடுத்து, மேசையில் வைத்து, கார்டை அதில் சொருகி, பிராக்கெட்டை மாட்டிப் பூட்டிவிட்டு, கூண்டைத் திரும்ப இறக்க வேண்டும். இறக்கும்போது வழிகாட்டும் ஊசிகள் துளையில் உட்கார்ந்த பிறகுதான் அழுத்தம் கொடுக்கலாம். கோணலாக அழுத்தினால் மதர்போர்டு ஸ்லாட் உடையும். அது உடைந்தால் மதர்போர்டையே மாற்ற வேண்டியதுதான். மூடி கடைசி இரண்டு மில்லிமீட்டர் இறங்க மறுத்தால், தட்டி மூடாதீர்கள். ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை, அல்லது ஒரு கேபிள் ரைசருக்கு அடியில் சிக்கியிருக்கிறது.

சர்வர் எழுந்து, கார்டு பட்டியலில் தெரிந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது. லினக்ஸ் என்றால் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையில் விரிவான விவரம் கேட்டால் இரண்டு வரிகள் கிடைக்கும்: கார்டால் எவ்வளவு முடியும் என்பது ஒன்று, இப்போது எவ்வளவில் இணைந்திருக்கிறது என்பது மற்றொன்று. முதல் வரியில் 16 லேன், இரண்டாவதில் 8 லேன் என்றிருந்தால் ரைசர் பிரித்துக் கொடுக்கிறது, அல்லது கார்டு சரியாக உட்காரவில்லை. வேகம் குறைந்திருந்தால் சிக்னல் பக்கம் பார்க்க வேண்டும். ஜிபியுவாக இருந்தால் மட்டும் ஒரு விதிவிலக்கு. அது சும்மா இருக்கும் நேரத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் அதற்கு ஏதாவது வேலை கொடுத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த வரியைப் பார்க்க வேண்டும். அப்படியே ஒரு அரை மணி நேரம் ஓடவிட்டு, கார்டின் வெப்பம் எந்த எண்ணில் போய் நிலைத்து நிற்கிறது என்றும் குறித்துக்கொண்டு வந்தால், சித்திரையில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.